ஆறுமுகநேரியில் மூன்று நாள்

1

இந்த வருடத் தொடக்கத்தில் அலுவலகத்தில் எனக்காக ஒரு கேக் வெட்டினார்கள். நான் அங்கே சேர்ந்து பத்து வருடம் ஆகியிருந்தது. இந்த நாட்டில் யார் எதை எத்தனை வருடம் செய்தாலும் கேக்தான். கூடவே பெரிய வாழ்த்து அட்டை ஒன்று, அதில் ஆளாளுக்கு ஒரு வரி கிறுக்கிக் கொடுப்பார்கள்.

நான் இருப்பது ஆஸ்திரேலியாவில், மெல்போர்னிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் போனால் வருகிற ஒரு கடலோர ஊர். சின்னதாக ஒரு துறைமுகமும் உண்டு. தூத்துக்குடிக்காரிக்கு இது போதாதா என்று என் கணவர் கேட்பார். போதாது. ஆனால் அதைச் சொல்லி இத்தனை வருடத்துக்குப் பிறகு என்ன ஆகப்போகிறது?

என் வேலையை ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்லி முடித்ததில்லை. மனநலச் சிக்கல் உள்ளவர்கள், அறிவு வளர்ச்சி குறைந்தவர்கள், உடல் ஊனமுற்றவர்கள் ஆகியோரைப் பராமரிக்கிற சின்னச் சின்ன நிறுவனங்கள் இங்கே நிறைய. எந்தப் பயிற்சிக்கு எப்போது இடம் திறக்கிறது, எந்த நிதிக்கு யார் விண்ணப்பிக்கலாம், படிவத்தில் எந்தக் கட்டத்தில் எதை எழுதவேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எங்கள் அலுவலகம். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்க ஆள் உட்கார்ந்திருப்பார்கள் இல்லையா, அதே வேலைதான். எனக்கு ஏசி அறையும் சுழல் நாற்காலியும் உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

கேக்குக்கு முன்னால் என் மேலதிகாரி ஹெலன் இரண்டு வார்த்தை பேசினாள். "ரெஜினா இந்த வேலையை இங்கே வந்து கற்றுக்கொள்ளவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து தன் மூத்த அண்ணனைத் தன் கையாலேயே பராமரித்தவள்." எல்லோரும் கைதட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

என் அண்ணனுடைய ஒரு சட்டையைக்கூட நான் துவைத்ததில்லை.

2

மூத்த அண்ணன் பெயர் லூர்து. இப்போது ஐம்பத்தாறு வயது. பிறக்கும்போதே ஏதோ ஆகிவிட்டது என்று அம்மா சொல்லுவாள். பேச்சு கொஞ்சம்தான் வரும். சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. ஈரத் தரையைத் தாண்டமாட்டார். எட்டு வயதிலிருந்து வலிப்பு. அடுத்தவர் சேவியர் அண்ணன், கப்பலுக்குப் போகிறவர். ஏழெட்டு மாதம் கடலில், இரண்டு மாதம் வீட்டில். கடைசி நான்.

நான் பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரியில் படித்தேன். படித்து முடித்து அங்கேயே பள்ளியில் வேலை, அப்போதும் ஹாஸ்டல்தான். தூத்துக்குடியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் பாளையங்கோட்டை. இதற்கு எதற்கு ஹாஸ்டல் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் படிப்புக்காக என்று சொல்லியிருப்பேன். உண்மையில் லூர்து அண்ணனுக்கு வலிப்பு வரும்போது வருகிற அந்தச் சத்தமும், முடிந்தபிறகு அறையில் நிற்கும் வாடையும் எனக்கு ஆகாது. இதை எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் அதுதான் காரணம், வேறு ஒன்றுமில்லை.

சேவியர் அண்ணன் கல்யாணம் முடித்து அமலா மைனியைக் கூட்டிவந்தார். ஒரே வருடத்தில் என் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு மணப்பாடு. எங்கள் கடற்கரைக் கத்தோலிக்கர்களிடம் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் எல்லோருக்கும் கேட்கும்படி அறிவிப்பார். தடை என்ற வார்த்தையைக் கேட்டதும் அம்மாவுக்கு லூர்து அண்ணன் ஞாபகம்தான் வந்திருக்கும். வலிப்பு குடும்பத்தில் ஓடுகிறது என்று மாப்பிள்ளை வீட்டில் நினைத்துவிட்டால்?

அண்ணனை ஆறுமுகநேரியில் உப்பளத்துப் பக்கம் இருந்த எங்கள் சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று நாள். தனியாக விடமுடியாது என்று அமலா மைனியும் கூடப் போனாள். அதனால் என் கல்யாண ஆல்பத்தில் இரண்டு பேர் இல்லை. அண்ணன் இல்லாததை யாரும் கேட்கவில்லை. மைனி எங்கே என்று கேட்டவர்களிடம் அவளுக்குக் காய்ச்சல் என்று நானே சொன்னேன். யாரும் சொல்லச் சொல்லி அல்ல, என் வாயாலேயே.

ஆறு வருடத்துக்கு முன்பு அம்மா இறந்தபோது பத்து நாள் விடுப்பில் போயிருந்தேன். நான் வாசலில் இறங்கியதும் லூர்து அண்ணன் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்தார். தன் சட்டை நுனியாலேயே அதைத் துடைத்து எனக்கு முன்னால் போட்டார். வெளியாள் வந்தால் அப்படிச் செய்யவேண்டும் என்று மைனி பழக்கியிருந்தாள். நான் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய?

3

பன்னிரண்டு வயதுக் கதை எப்படி வந்தது என்று சொல்லவேண்டும். பத்து வருடத்துக்கு முன்பு இந்த வேலைக்கான நேர்காணலில், "இந்தத் துறையில் உங்கள் அனுபவம் என்ன?" என்று கேட்டார்கள். எனக்கு இருந்தது ஒரு டிப்ளமாவும் நல்ல வார்த்தைகளும். இங்கே வந்த புதிதில் ஊர்ப் பழக்கத்தில் ஒரு பழைய வார்த்தையைச் சொல்லிவிட்டு வகுப்பே அமைதியானதைப் பார்த்தவள் நான். அன்றிலிருந்து எதை எப்படிச் சொல்லவேண்டும் என்று பாடமாகவே படித்தேன். வார்த்தை எல்லாம் சரியாக வந்துவிட்டது. அனுபவம் எங்கிருந்து வரும்? எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறார் என்றேன். எதிரே இருந்தவர்களின் முகம் மலர்ந்தது. மலர்ந்த முகத்தைப் பார்த்ததும் மேலே மேலே சொன்னேன். கல்யாணத்துக்காக மறைத்தவரை வேலைக்காக எடுத்துக் காட்டினேன். வேலையும் கிடைத்தது.

பொய் சொன்னால் அதோடு முடிவதில்லை. அது அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் என் படத்துக்குக் கீழே ஏறியது. பயிற்சி வகுப்புகளில் முதல் ஐந்து நிமிடம் அந்தக் கதைதான். என் மகள் ஜெனி ஏழாம் வகுப்பில் என்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினாள். அண்ணனுக்குச் சோறூட்டிய சிறுமி என்று தலைப்பு. அது எங்கள் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டி ரொம்ப நாள் இருந்தது. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் படும்.

ஊரில் இதற்கிடையே வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. நாசரேத்திலிருந்து வந்து தூத்துக்குடியில் குடியிருக்கும் டெய்சி டீச்சர், ஓய்வு பெற்றபிறகு கடற்கரைச் சாலைக்குப் பின்னால் முன்பு சங்கு அடுக்கிவைத்த ஒரு பழைய கிட்டங்கியை வாடகைக்குப் பிடித்து ஒரு பகல் இல்லம் நடத்துகிறார். லூர்து அண்ணன் மாதிரி பதினான்கு பேர் காலையில் வந்து சாயங்காலம் போவார்கள். மைனி அண்ணனைக் கொண்டுவிடப் போய், ஒருநாள் இருந்து உதவி செய்து, அப்படியே அங்கே வேலைக்காரியாகிவிட்டாள். பதிவேட்டில் அவளுக்கு ஆயா என்று பெயர். பதினான்கு பேருக்கும் என்ன ஒன்று என்றாலும் கூப்பிடுவது அவளைத்தான்.

பிரச்சினை சான்றிதழில் வந்தது. பயிற்சி பெற்ற பராமரிப்பாளர் ஒருவராவது இருந்தால்தான் இல்லத்துக்கு வருகிற அரசாங்க உதவிப்பணம் தொடரும் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த மார்ச் வரை நேரம். டெய்சி டீச்சர் எனக்கு போன் பண்ணினார்.

"ரெஜினா, நீ இதே வேலையிலதான இருக்க? அமலாவுக்கு ஒரு சர்டிபிகேட்டுக்கு வழி இருந்தா பாரு. அவளுக்குத் தெரியாத ஒண்ணும் இல்ல. பேப்பர்தான் இல்ல."

"இல்லைன்னா என்ன டீச்சர் ஆகும்?"

"என்ன ஆகும்? பூட்டிட்டு சாவிய கிட்டங்கிக்காரங்கிட்ட கொடுத்துர வேண்டியதுதான். பதினாலு பேரும் அவங்கவங்க வீட்டு மூலையில போய் இருப்பாங்க."

வழி இருந்தது. எங்கள் அலுவலகம் பார்க்கும் பயிற்சி நிதி ஒன்றில், வெளிநாட்டிலுள்ள பராமரிப்பாளர்களுக்கென்று சில இடங்கள் ஒதுக்குவார்கள். வகுப்பு முழுக்க இணையத்தில், மொழிபெயர்ப்பாளர் உண்டு, செலவு நிதியுடையது. அந்தச் சான்றிதழை ஊரில் ஏற்றுக்கொள்வார்கள் என்று டீச்சர் விசாரித்து உறுதி செய்துகொண்டார். இடத்தில் இரண்டு வகை. புதிதாகக் கற்பவருக்கு இரண்டு வருடப் பயிற்சி. நீண்ட அனுபவம் உள்ளவருக்கு ஆறே மாதம், அதன்பிறகு அவரே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். மார்ச்சுக்குள் முடியவேண்டும் என்றால் மைனிக்கு அந்த அனுபவ இடம் கிடைத்தாகவேண்டும்.

விண்ணப்பத்தோடு ஒரு பரிந்துரைக் கடிதம் வேண்டும். நான் எழுதினேன். எழுதும்போது அந்தப் பன்னிரண்டு வயது குறுக்கே வந்து உட்கார்ந்தது. ஹெலன் இதை வாசிப்பாள். என் கதைக்கு ஒத்துப்போகவேண்டும். அதனால், லூர்து அண்ணனை முதலில் பராமரித்தவள் நான், வெளிநாடு வரும்போது அந்தப் பொறுப்பை மைனிக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு வந்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

4

நேர்காணல் காணொளியில். எங்களுக்கு மதியம் இரண்டரை, அவர்களுக்குக் காலை பத்து. மொழிபெயர்க்க ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார்கள், அவர் அன்று காலையில் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார். ஹெலன் தள்ளிவைக்கலாம் என்றாள். நான் விடவில்லை. நானே செய்கிறேன், ஒரு வார்த்தை மாறாது என்றேன். மைனி இன்னொருவர் வழியாக என்ன சொல்லித் தொலைப்பாளோ என்ற பயம் எனக்கு.

அன்று நான் வீட்டிலிருந்து வேலை. சாப்பாட்டு மேசையில் கணினி. ஜெனி சோபாவில் காதில் பாட்டுக் கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு படுத்திருந்தாள். அவளுக்குப் பதினேழு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள், அதுவும் இரண்டு தடவை கூப்பிட்டால்.

திரையில் மைனி கிட்டங்கிக்குள் உட்கார்ந்திருந்தாள். கோயிலுக்குக் கட்டும் சேலை. பக்கத்தில் அண்ணனின் தோள் பாதி தெரிந்தது. எங்கள் அலுவலகத்திலிருந்து ஹெலன், இன்னொரு அதிகாரி, பல வருடம் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு நர்ஸ் அம்மா என்று மூன்று பேர். முதல் கேள்விகள் சுலபமாகப் போயின. பிறகு நர்ஸ் அம்மா கேட்டார்: "ரெஜினாவிடமிருந்து நீங்கள் என்ன கற்றுக்கொண்டீர்கள்? வலிப்பு வரும்போது என்ன செய்யவேண்டும் என்று அவர் உங்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தார்?"

நான் கேள்வியிலேயே என் பெயரை விழுங்கினேன். "மைனி, வலிப்பு வந்தா பாக்கதுக்கு யாருகிட்ட கத்துக்கிட்டீங்கன்னு கேக்காங்க."

மைனி சிரித்தாள். "யாரு இருந்தா சொல்லிக்கொடுக்க? அத்தை உக்காந்து அழுவாவ. ஒங்க அண்ணன் கப்பல்ல. நீ ஆஸ்டல்ல. லீவுக்கு வந்தாலும் பெரியவரு இருக்க ரூமுக்குள்ள நீ வரமாட்ட, அது ஒனக்கே தெரியும். மொத தடவ இழுப்பு வந்தப்ப நான் தெருவுக்கு ஓடிட்டேன். தெருமுக்குல நின்னு அழுதுட்டு, பொறவு திரும்பி வந்து பார்த்தேன். கையில சாவியக் கொடுத்து அமுக்கிக்கிட்டு இருந்தாங்க எல்லாரும். கையெல்லாம் ரத்தம். அன்னைக்கோட சாவி கொடுக்குறத நிப்பாட்டிட்டேன். ஒருச்சாச்சுப் படுக்க வச்சேன், எச்சி தானா வெளிய போயிருச்சு. அப்பமே தெரிஞ்சுக்கிட்டேன். வாரதுக்கு முன்ன இடது கை பெருவிரல வச்சு சட்டை நுனியத் தேச்சுக்கிட்டே இருப்பாரு. அதப் பார்த்தா நான் எங்க நின்னாலும் ஓடி வந்துருவேன். வந்தப்புறம் நான் அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பிப்பேன். ரெண்டு பத்து சொல்லி முடிக்குமுன்ன அடங்கிரும். அதத் தாண்டிச்சுன்னா ஆட்டோதான், ஆஸ்பத்திரிதான். இத்தன வருசத்துல மூணு தடவதான் தாண்டிருக்கு."

அவள் பேசி முடித்தாள். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் ஆங்கிலத்தில், மைனி பேசுவதாகவே சொன்னேன்: "என் நாத்தனார் எனக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுத்தார். மற்றதெல்லாம் பழக்கத்தில் வந்தது."

நர்ஸ் அம்மா தலையசைத்துவிட்டு எழுதிக்கொண்டார். மைனியும் தலையசைத்தாள். தான் சொன்னதைத்தான் நான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

கணினியை மூடியதும் சோபாவிலிருந்து குரல் வந்தது. "அம்மா, அத்தை சொன்னது அது இல்லையே."

ஆங்கிலத்தில்தான் சொன்னாள். காதிலிருந்த கருவி எப்போது கழுத்துக்கு இறங்கியது என்று தெரியவில்லை. உனக்குத் தமிழ் எங்கே புரிகிறது என்று எரிந்து விழுந்தேன். அவள் விரலை மடக்கி எண்ணினாள். ஆஸ்டல் என்றார்கள். நீ ரூமுக்குள் வரமாட்டாய் என்றார்கள். ரத்தம் என்றார்கள். மரியே என்றார்கள். நீ சொன்னதில் இது ஒன்றுகூட இல்லை.

எழுந்துபோய் குளிர்பெட்டியில் தண்ணீர் எடுத்தாள். கட்டுரை இருந்த இடத்தில் இப்போது பீட்சா கடை விளம்பரம்தான் இருந்தது. ஆனாலும் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே ஒரு நிமிடம் நின்றுவிட்டு அறைக்குப் போனாள். எனக்கு அவளைக் கூப்பிடத் தைரியம் வரவில்லை.

5

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. அமலா மைனிக்கு இடம் உண்டு. கற்பவர் இடம், இரண்டு வருடம். காரணமும் எழுதியிருந்தார்கள்: விண்ணப்பதாரரின் அறிவு பெரும்பாலும் துறை அனுபவமுள்ள உறவினர் ஒருவரிடமிருந்து பெறப்பட்டது, சொந்தமாக முடிவெடுத்த அனுபவத்துக்குப் போதிய சான்று இல்லை.

அந்த உறவினர் நான். இருபது வருடம் ஒருத்தி ராத்திரி பகல் பார்க்காமல், ஒவ்வொரு வலிப்பிலும் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுத் தெரிந்துகொண்டதை, நான் சொல்லிக்கொடுத்தது என்று வாங்கி என் பையில் போட்டுக்கொண்டுவிட்டேன். கிட்டங்கிக்கு மார்ச்சில் பூட்டு. அதைப் பூட்டப்போவதும் நான். டெய்சி டீச்சருக்கு விஷயம் தெரியாது. "பரவால்லம்மா, நீ முயற்சி பண்ணின. ஒண்ணுமில்லாததுக்கு இதாவது வந்துச்சே" என்று அவர் எனக்கே ஆறுதல் சொன்னார். அந்தப் போனை வைத்தபிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அழுதது மைனிக்காக என்று சொல்ல ஆசைதான். மாட்டிக்கொள்வேனோ என்ற பயமும் அதில் பாதி.

அலுவலகத்தில் மறுநாள் மதியம் ஒரு படிவத்தை வைத்து வலிப்புக்கான பயிற்சியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஆம்புலன்ஸ் என்று அதில் தடித்த எழுத்தில் இருந்தது. கைப்பேசியில் நேரத்தை ஓடவிட்டு, யாருக்கும் கேட்காமல், மைனி சொல்லும் வேகத்தில் அருள் நிறைந்த மரியே சொல்லிப் பார்த்தேன். ஜெபமாலையில் இரண்டு பத்து, அதாவது இருபது தடவை, முடிந்தபோது நான்கு நிமிடம் நாற்பது விநாடி. இங்கே பெரிய டாக்டர்கள் சேர்ந்து எழுதியதை அவள் ஜெபமாலை மணியிலேயே கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். அதைத்தான் நான் பொறுமை என்று மொழிபெயர்த்திருக்கிறேன்.

எழுந்துபோய் ஹெலன் அறைக் கதவைத் தட்டினேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். மொழிபெயர்ப்பில் செய்தது, கடிதத்தில் எழுதியது எல்லாம். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு தாளை எடுத்துக் குறித்துக்கொண்டே கேட்டாள்.

"கடிதத்தைத் திரும்பப் பெறுகிறாயா?"

"ஆமாம்."

"நேர்காணலை வேறு மொழிபெயர்ப்பாளரை வைத்து மறுபடி நடத்தவேண்டும். இனி இந்த விண்ணப்பத்தை நீ தொடக்கூடாது."

"சரி."

பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அந்தப் பன்னிரண்டு வயது?"

"அதுவும் இல்லை" என்றேன்.

எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இணையப் பக்கத்தில் என் படத்துக்குக் கீழே இப்போது பெயரும் பதவியும் மட்டும். யாரும் எதுவும் கேட்கவில்லை, இங்கே கேட்கமாட்டார்கள். சாப்பாட்டு அறையில் நான் உள்ளே போனால் பேச்சு வானிலைக்கு மாறும். அந்தப் பத்து வருட வாழ்த்து அட்டை மேசை இழுப்பறையில் கிடக்கிறது. வீட்டுக்கு எடுத்துப்போக மனசில்லை, குப்பையில் போடவும் முடியவில்லை.

ஜெனியிடமும் சொன்னேன். பரிசு வாங்கிய அந்தக் கட்டுரையைப் பற்றித்தான் முதலில் கேட்டாள். எல்லாமே பொய்யா என்றாள். எனக்கு ஒரு அண்ணன் இருப்பது உண்மை என்றேன்.

6

மைனியிடம் சொல்லுவதுதான் பெரிய பாடாக இருந்தது. இரண்டாவது நேர்காணல் எதற்கு என்று அவளுக்குத் தெரியவேண்டும் இல்லையா? அலுவலகக் கடிதம் போகுமுன் நானே சொல்லிவிடவேண்டும் என்று போன் போட்டேன்.

"மைனி, இன்னொரு தடவ ஒங்ககிட்ட பேசணும்ங்காங்க."

"ஏளா, நான் என்னமும் தப்பாச் சொல்லிட்டனா?"

"நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் நீங்க சொன்னதச் சொல்லல."

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. நான் சொல்லிக்கொண்டே போனேன். ஆஸ்டலைச் சொல்லவில்லை, ரூமைச் சொல்லவில்லை, சாவியைச் சொல்லவில்லை.

"பெருவெரலு?"

"சொல்லல மைனி."

"அருள் நிறைந்த மரியே?"

"அதையும் சொல்லல."

பாத்திரம் கழுவுகிற சத்தம் மறுபடி தொடங்கியது. பிறகு சொன்னாள்: "நான் அம்புட்டு நேரம் பேசுனேன், நீ பொசுக்குனு முடிச்சிட்ட. இங்கிலீசுல சுருக்கமாத்தான் இருக்கும் போலன்னு நெனச்சுக்கிட்டேன்." குழாயை மூடிவிட்டு, "சரி, எப்ப வரணும்ங்காங்க?" என்றாள்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். எந்தச் சேலை கட்டட்டும் என்று கேட்டாள். போன தடவை கட்டியதையே கட்டினால் நன்றாக இருக்காதே என்று கவலைப்பட்டாள்.

இரண்டாவது தடவை மொழிபெயர்த்தது ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். எனக்கு அந்த அறையில் அனுமதி இல்லை. நடையில் தண்ணீர் எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். முக்கால் மணி நேரம் என்று போட்டிருந்தது ஒன்றரை மணி நேரம் ஓடியது. என்ன நடந்தது என்று மைனி சொல்லித்தான் தெரியும்.

"அந்த நர்ஸ் அம்மா, ஜெபத்தச் சொல்லுங்க பாப்போம்னு சொல்லிட்டு கடியாரத்த எடுத்து வச்சுக்கிட்டாவ. நானும் ரெண்டு பத்து சொல்லி முடிச்சேன். பெரியவரும் கூடச் சேர்ந்து ஆமென் சொன்னாரு. அந்தம்மாக்கு வாயெல்லாம் சிரிப்பு."

"என்னைப் பத்தி எதுவும் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. போன தடவ சொன்னதத்தான் சொன்னேன். ஒண்ணு கூட்டல, ஒண்ணு குறைக்கல. அந்தப் பிள்ள அம்புட்டையும் சொல்லிச்சு. நடுவுல ஒன் பேரும் வந்துச்சு."

மைனிக்கு அனுபவ இடம் கிடைத்தது. வகுப்பு தொடங்கிவிட்டது. மார்ச்சுக்கு முன்பே சான்றிதழ் கைக்கு வந்துவிடும், பதிவேட்டில் ஆயாவை அடித்துவிட்டுப் பராமரிப்பாளர் என்று எழுத டெய்சி டீச்சர் புதுப் பேனா வாங்கி வைத்திருக்கிறாராம். முதல் பாடத்துக்கு, பராமரிப்பில் மறக்கமுடியாத ஒரு நாளைப் பற்றிப் பேசி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். அதை ஆங்கிலத்தில் எழுதித் தரவேண்டும். நான் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். இதையாவது ஒழுங்காகச் செய்துவிடவேண்டும் என்று எனக்கு இருந்தது.

"வேண்டாம் ஏளா" என்றாள் மைனி. "அந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளகிட்டயே கொடுத்துக்கிடுதேன். கோவம்லாம் ஒண்ணுமில்ல. ஒனக்கு எதுக்கு செரமம்?"

உண்மையிலேயே கோபம் இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கோபம் இருந்திருந்தால் என்றைக்காவது தணியும் என்று இருந்திருப்பேன்.

இந்தக் குறிப்புகளை ஊர்ப் பத்திரிகைக்கு அனுப்புமுன் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் பெயரும் அண்ணன் பெயரும் இருக்கிறது, வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன் என்றேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கடைசிவரை கேட்டாள். போடட்டும், நடந்ததுதானே என்றாள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தினாள்.

"ஆறுமுகநேரியில மூணு நாளுன்னா போட்டுருக்க?"

"ஆமா மைனி. கல்யாணத்துக்கு மொத நாளு, கல்யாணத்தன்னைக்கு, மறுநாளு."

"இல்லளா. மொத ஓலை வாசிச்ச அன்னைக்கு சாயங்காலமே நான் கூட்டிட்டுப் போயிட்டேன்லா. ரெண்டாவது ஓலைக்கு மணப்பாட்டுக்காரங்க வீட்டுக்கு வாராங்க, அதுக்கு முன்ன போயிருங்கன்னு அத்தை சொன்னாவ. நீங்க மறுவீடெல்லாம் முடிச்சு மெட்ராசுக்கு ரயில் ஏறுன பொறவுதான் திரும்பி வந்தோம். இருபத்தாறு நாளு. பெரியவரு தெனமும் கேப்பாரு, ரெஜி எங்கன்னு."

மேலே மூன்று நாள் என்று எழுதியதை நான் அடிக்கவில்லை. தலைப்பையும் மாற்றவில்லை. இத்தனை வருடமும் நான் எனக்குச் சொல்லிக்கொண்டது அதுதான், அது அங்கேயே இருக்கட்டும். வாசிக்கிறவர்கள் இருபத்தாறு என்று திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.